சாமி காசுக்குத் தேய்மானம்

பாலா,

நேற்று மாலையிலிருந்து நீ கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாய். நான் எடுக்கவில்லை. கோபம் என்று நினைக்காதே. போனில் உன் குரல் கொஞ்சம் இறங்கினாலே நான் "சரி, விடு" என்று சொல்லிவிடுவேன். அது உனக்கும் தெரியும், அதனால்தான் நீ எழுதாமல் கூப்பிடுகிறாய். எழுத்தில் நீ குறுக்கே பேச முடியாது. உனக்கு முன்பே தெரிந்த விஷயங்களையும் சேர்த்தே எழுதுகிறேன். இதை ஹேமா படிக்க வேண்டும், அவள் அம்மா விரும்பினால் படிக்கலாம், நாளைக்கு நீங்கள் குடிபோகும் பூந்தமல்லி அடுக்ககத்தில் யாருக்காவது காட்டலாம் என்று தோன்றினால் காட்டு.

சனிக்கிழமை நீ சொன்னது வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. "ஆவணி வரைக்கும் வாயத் தொறக்காத இரும்மா. கல்யாணம் முடியட்டும், அப்பறம் டேங்க்கப் பத்தி நீ இன்னா வேணா பேசு. ஜெகநாதன் சாரு இப்ப உனக்கு வெறும் செக்ரட்டரி இல்ல, ஹேமாவோட அப்பா, சம்மந்தி." நான் "பார்க்கலாம்" என்றேன். நீ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய். ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் நான் வாயைத் திறந்தேன். திங்கட்கிழமை அதைவிடப் பெரிய காரியம் ஒன்று செய்தேன். உன் கல்யாணம் நடக்குமா என்று இதை எழுதும் நேரத்தில் எனக்குத் தெரியாது. மற்றவர்கள் வாயால் கேட்பதற்கு முன், ஏன் அப்படிச் செய்தேன் என்று என்னிடமிருந்து தெரிந்துகொள்.

நீ ஆறாம் வகுப்பில் இருந்தபோது இந்த அடுக்கக வீட்டுக்கு வந்தோம். வீட்டுக்காரர்கள் சங்கம் பதிவு செய்த புதிதில், கட்டடத்தைக் கட்டிய பொறியாளர் நமக்கு ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். லிஃப்டின் வடம் எத்தனை வருடம் உழைக்கும், தண்ணீர் மோட்டார் எத்தனை வருடம் ஓடும், வெளிச்சுவருக்கு எப்போது வண்ணம் அடிக்க வேண்டும், மொட்டைமாடித் தரையில் பதித்த தட்டோடுகள் எவ்வளவு காலம் தாங்கும், மேல்தொட்டியை எப்போது பழுதுபார்க்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆயுள், ஒரு செலவு. அந்தச் செலவு வரும் நாளில் கையில் பணம் இருக்க வேண்டுமானால் வீட்டுக்கு வீடு மாதம் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்ற கணக்கு. கொடுக்கும்போது அவர் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது: இது வெறும் ஊகம், மூன்று வருடத்துக்கு ஒருமுறை கட்டடத்தைச் சுற்றிப் பார்த்து இதைத் திருத்துங்கள், திருத்தாவிட்டால் இதை நம்பாதீர்கள். நாம் அதை ஒருமுறைகூடத் திருத்தவில்லை. ஆனால் நம்பினோம்.

நம்பியதற்கும் காரணம் இருந்தது. நீ பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிய பங்குனியில் மோட்டார் எரிந்துபோனது நினைவிருக்கிறதா? காலையில் எரிந்தது, பழுது நிதியில் பணம் இருந்ததால் மாலைக்குள் அரக்கோணத்திலிருந்து புது மோட்டார் வந்துவிட்டது. பக்கத்து அடுக்ககத்தில் அதே கோடையில் மோட்டாருக்கு யார் எவ்வளவு கொடுப்பது என்று சண்டை போட்டுக்கொண்டு லாரித் தண்ணீர் வாங்கினார்கள். நம் வீட்டில் மறுநாள் காலை நீ குளித்துவிட்டுப் பரீட்சைக்குப் போனாய். அன்று யாரும் அந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. அது ஒழுங்காக வேலை செய்யும் நாளில் அதைப் பற்றிப் பேச ஒன்றும் இருக்காது. பேச ஒன்றும் இல்லாத விஷயத்தை யாரும் எடுத்துப் பார்ப்பதும் இல்லை.

அடுத்தது ஆடிக் கிருத்திகை. இந்த முருகன் மலையடியில் வளர்ந்தவனுக்கு அதை நான் விவரிக்க வேண்டியதில்லை. நாம் குடிவந்த அடுத்த வருடம் ஜெகநாதன் நகரி பக்கத்திலிருந்து வந்த ஒரு காவடிக் கூட்டத்தை நம் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். "எங்க ஜனங்கதாங்க. லாட்ஜுல எடம் கெடைக்காத ரோட்டுல குந்திகினு இருக்காங்க. மேல மாடி சும்மாதான கெடக்குது?" என்றார். யாருக்கும் மறுக்கத் தோன்றவில்லை. மூன்று நாள் இருந்தார்கள். போகும்போது அவர்களுடைய குருசாமி ஒரு தட்டில் மஞ்சள், வெற்றிலையோடு பணம் வைத்துக் கொடுத்தார். அதைத் தனியாள் யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று ஜெகநாதன்தான் சொன்னார், பழுது நிதியில் சேர்த்தார். அந்த நேர்மையை நான் இன்றைக்கும் மதிக்கிறேன். அதன் பிறகு வருடா வருடம் அவர்கள் வந்தார்கள், கூட்டம் பெருகியது, தட்டில் வைக்கும் பணமும் பெருகியது. மாதச் சந்தாவை ஏற்ற வேண்டுமா என்ற பேச்சு கூட்டத்தில் எழும்போதெல்லாம் யாராவது ஒருவர், "சாமி குடுக்குறாரு, நாம ஏன் ஏத்தணும்?" என்பார். கைகள் உயரும். அதில் என் கையும் இருந்தது.

அந்த மூன்று நாளும் நீ எங்கே இருப்பாய் என்று நான் தேட வேண்டியதே இருந்ததில்லை. மேலேதான். அவர்களுடைய பொங்கலைத் தின்றுகொண்டு, அவர்களோடு அரோகரா போட்டுக்கொண்டு, தெலுங்கில் கெட்ட வார்த்தைகள் கற்றுக்கொண்டு. நீயும் ஹேமாவும் எங்கே பழக ஆரம்பித்தீர்கள் என்று நிச்சயதார்த்தத்தில் யாரோ கேட்டபோது "லிஃப்ட்ல" என்றாய். பொய். காவடிக்காரர்களுக்கு மோர் கொண்டுபோன பாத்திரத்தை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு அந்த மாடிப்படியில்தான். நான் பார்த்தேன். சொல்லவில்லை. பல விஷயங்களை நான் பார்த்துவிட்டுச் சொல்லாமல் இருக்கிறவள் என்று உன் அப்பா சொல்வார்.

பார்த்துவிட்டுச் சொல்லாமல் இருந்ததில் இதுவும் ஒன்று. பந்தல் போடுகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் தட்டோட்டைத் துளைத்துக் கம்பி இறக்கினார்கள். கிருத்திகை முடிந்ததும் துளையில் ஒரு கரண்டி சிமெண்டு அப்பினார்கள். அடுத்த வருடம் பக்கத்தில் வேறு துளை. விறகு அடுப்பு வைத்த இடத்தில் ஓடு பிளந்தது. மேல்தொட்டியைத் தாங்கும் தூண்களுக்கு நடுவில் நிழல் இருந்ததால் பெண்களும் குழந்தைகளும் அங்கேதான் படுத்தார்கள். தொட்டிக் குழாயில் வரிசையாகத் திருகுகள் பொருத்தி அதன் அடியிலேயே குளித்தார்கள். தூண்களின் காலடியில் மஞ்சள் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. துருப்பிடித்த இரும்பு, இரும்பாக இருந்ததைவிட அதிக இடம் கேட்கும். இடம் கிடைக்காவிட்டால் சுற்றியுள்ள காரையை உடைத்துக்கொண்டு வெளியே வரும். இதைக் கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு நான் வருடந்தோறும் கரும்பலகையில் எழுதுகிறேன். எழுதிவிட்டு அரக்கோணத்தில் ரயில் பிடித்து வீட்டுக்கு வந்து, இந்தத் தொட்டித் தண்ணீரில் முகம் கழுவுகிறேன்.

யாரும் எடுத்துக்கொள்ளாத பொருளாளர் பதவி என் தலையில் விழுந்த வருடம் நான் முதல்முறையாகக் கேட்டேன். மாடிக்கு எழுதியிருக்கும் ஆயுள், யாரும் குடியிருக்காத மாடிக்கு எழுதிய ஆயுள். நாமோ வருடத்துக்கு ஒருமுறை அதைச் சத்திரமாக்குகிறோம். வரும் பணத்தை நிதியில் சேர்க்கிறோம், அதனால் ஆகும் தேய்மானத்தையும் ஒரு வரி சேர்த்து எழுதிக்கொள்ளலாமே என்றேன். ஜெகநாதன் சிரித்தார். "சாமி காசுக்குத் தேய்மானம் போடுவாங்களாங்க? அப்பறம் முருகனுக்கே பில்லு அனுப்பணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பில் அந்தப் பேச்சு முடிந்தது.

அவரை முட்டாள் என்று நினைக்காதே. பொதட்டூர்பேட்டையில் தறி போட்டு, லுங்கி வியாபாரத்தில் வளர்ந்தவர். தறியில் எந்தப் பாகம் எப்போது போகும் என்று அவருக்குத் தெரியும், அதற்கு முன்பே பணம் எடுத்து வைப்பார். அதே மனிதருக்கு, காவடி இறங்கிய இடம் தேயும் என்று எழுதக் கை வரவில்லை. எழுதினால் பக்தர்கள் கெடுத்தார்கள் என்று ஆகிவிடும். கல்யாணக் கோஷ்டிக்கு மாடியை விட்டிருந்தால் முதல் வருடமே உடைந்த ஓட்டுக்குப் பணம் வாங்கியிருப்போம். சாமி பெயரால் வந்த பணத்தை நிதியில் சேர்க்க எல்லோருக்கும் மனம் வந்தது. அந்த நிதியில் சாமி பெயரால் ஆகும் செலவைச் சேர்க்க ஒருவருக்கும் வரவில்லை. நம் திட்டம் பொய்யானது இந்த இடத்தில்தான். நான் மேற்கொண்டு பேசாததற்குக் காரணம் வேறு. மலைக்குப் படி ஏறாதவள் என்று என்னைப் பற்றி இங்கே எல்லோருக்கும் தெரியும். நான் எதைச் சொன்னாலும் அது காரையைப் பற்றியதாக இருக்காது, என் நம்பிக்கையைப் பற்றியதாக ஆகிவிடும். அந்தச் சண்டைக்கு எனக்கு விருப்பம் இல்லை.

இந்த ஆனியில் துணி காயப்போட மேலே போனபோது தூண் ஒன்றில் மேலிருந்து கீழாக ஒரு விரிசலைப் பார்த்தேன். விரல் நுழைந்தது. திருவள்ளூரிலிருந்து ஒரு கட்டடப் பொறியாளரை வரவழைத்தேன். சிறிய சுத்தியலால் தூண்களைத் தட்டிக்கொண்டே போனார். இரண்டு தூண்களில் காலி டப்பாவைத் தட்டியதுபோல் சத்தம் வந்தது. "மேடம், நாளைக்கே விழும்னு நான் சொல்ல மாட்டேன். விழாதுன்னும் சொல்ல மாட்டேன்," என்றார். நிச்சயமாகத் தெரிந்ததுபோல் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை, இவரை நம்பினேன். தொட்டியைக் காலி செய்ய வேண்டும், இரும்பு முட்டுக் கொடுக்கும் வரை அடியில் ஒருவரும் போகக் கூடாது, பழைய திட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுத வேண்டும், சந்தா கிட்டத்தட்ட இரட்டிப்பாகும் என்றார். ஆடிக் கிருத்திகைக்கு இரண்டு வாரம் இருந்தது.

முதலில் ஜெகநாதன் வீட்டுக்குத்தான் போனேன். சம்மந்தி என்ற மரியாதைக்காகப் போனேன், அதை நீ குறித்துக்கொள். காப்பி வந்தது. கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "சம்மந்தியம்மா, நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. கல்யாணம் ஆகி எத்தினியோ வருஷம் எங்களுக்குக் கொழந்த இல்ல. இந்த மலைக்கு வேண்டிகினுதான் ஹேமா பொறந்தா. காவடி தூக்கினு வர்றவங்களுக்கு நான் இருக்கிற வரைக்கும் தங்க எடம் குடுக்கிறேன்னு சொல்லிட்டு வந்தேன். அவ கழுத்துல தாலி ஏர்ற வருஷம் பாத்து அவங்கள வாசல்ல நிக்க வெச்சு வேணாம்னு சொல்லணுமா? நீங்களே சொல்லுங்க," என்றார். நான் மறுபடியும் தூணைப் பற்றித்தான் சொன்னேன். "கிருத்திகை முடிஞ்சதும் நானே முன்ன நின்னு இடிச்சுக் கட்றேன்," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது, பாலா. நான் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன். அதற்கு அவர் மனைவி இன்னும் கோபமாக இருக்கிறாராம்.

அடுத்த நாள் ஹேமா நம் வீட்டுக்கு வந்தாள். உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். "அத்த, நைனா சரியா சாப்புடறதே இல்ல," என்றாள். "நீங்க சொல்றதுதான் சரின்னு எனக்குத் தெரியுது. ஆனா எங்கம்மா ஒண்ணு கேக்குது. எப்பப் பாத்தாலும் சரியாவே இருக்கிறவங்க கூட ஒரே குடும்பத்துல எப்படி இருக்கப் போறன்னு." சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நல்ல கேள்வி அது. உன் அப்பாவைக் கேட்டேன். "நான் இருக்கேனே," என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். பிறகு பேப்பருக்குப் பின்னாலிருந்து, "உனக்குச் சாமியும் ஆவல, சம்மந்தியும் ஆவல. அந்தத் தொட்டி மட்டும் விழாம இருந்துதோ, அப்பறம் நீ வெளிய தல காட்ட முடியாது," என்றார். அதுவும் உண்மைதான். இந்த விஷயத்தில் நான் சரி என்று நிரூபணமாக வேண்டுமானால் தொட்டி விழ வேண்டும். விழாமல் தடுத்துவிட்டால் கடைசி வரைக்கும் எனக்குக் கெட்ட பெயர்தான்.

ஞாயிற்றுக்கிழமை கீழே வண்டி நிறுத்துமிடத்தில் நாற்காலி போட்டுக் கூட்டம் நடந்தது. பொறியாளர் எழுதிக் கொடுத்ததைப் படித்தேன். முழுவதும் படிக்க விட்டார்கள். அதற்காக ஜெகநாதன் ஒருவரை அதட்டவும் செய்தார். சந்தா இரட்டிப்பாகும் என்ற வரி வந்ததும் சலசலப்பு எழுந்தது, அதன் பிறகு தூணைப் பற்றி யாருக்கும் காது இல்லை. "இத்தினி வருஷம் நின்ன தொட்டி இந்தக் கிருத்திகைக்குப் பாத்து விழுந்துடுமா?" என்றார் மூன்றாம் மாடிக்காரர். "தொட்டிக்கு நாள் கிழமை தெரியாதுங்க," என்றேன். பின்னாலிருந்து ஒரு குரல்: "அதான, அம்மாவ மாதிரி அதுவும் கோயிலுக்குப் போவாது போல." சிரிப்பு. காவடிக்காரர்களை இந்த வருடம் இங்கே கீழேயே தங்க வைக்கலாம், வண்டிகளை மூன்று நாள் வெளியே நிறுத்துவோம் என்றேன். அதுதான் அவர்களை நிஜமாகக் கோபப்படுத்தியது. "செருப்புக் கால்ல நடக்கிற எடத்துல காவடி எறக்குறதா?" வாக்கெடுத்தார்கள். காவடிக்கு மாடியைத் திறப்பது என்று முடிவு, திட்டத்தைத் திருத்துவது பொங்கலுக்கு அப்புறம். எனக்கு ஆதரவாக ஒரு கை உயர்ந்தது. உன் அப்பாவுடையது. அதுவும் காதைச் சொறிவதற்காகத் தூக்கியதுபோல் பாதி உயரத்தில்.

அன்று மாலை நீ சொன்னதை நினைத்துக்கொண்டே இருந்தேன். கூட்டத்தில் சொல்லிவிட்டேன், தோற்றுவிட்டேன், என் எதிர்ப்பைப் பதிவு செய்தாயிற்று. இனி நடப்பதற்கு நான் பொறுப்பில்லை. படித்தவர்களுக்கு இந்த இடம் மிகவும் வசதியானது. நானும் அங்கே போய் உட்கார்ந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் அடியில் படுக்கப்போகிறவர்கள் யாரும் அந்தக் கூட்டத்தில் இல்லை. அவர்களுக்கு வாக்கு இல்லை. தங்கள் தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று அவர்களிடம் ஒருவரும் சொல்லப்போவதும் இல்லை.

திங்கட்கிழமை காலை குருசாமிக்குப் போன் செய்தேன். வருடா வருடம் ரசீது போடுவதால் அவருடைய எண் என்னிடம் இருந்தது. யாரிடமும் கேட்கவில்லை, உன்னிடமும் கேட்கவில்லை. பொறியாளர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். சங்கம் உங்களை வரச் சொல்லித்தான் முடிவு செய்திருக்கிறது, அதையும் சொன்னேன். பிறகு, "அம்மா, உங்க பிள்ளய அங்க படுக்க வெப்பீங்களா?" என்று கேட்டார்.

நீ அங்கே படுத்திருக்கிறாய். எட்டாம் வகுப்பில் அடம்பிடித்து அவர்களோடு ஒரு ராத்திரி படுத்துவிட்டு, காலையில் தலையெல்லாம் மஞ்சளாக இறங்கி வந்தாய். "வெக்க மாட்டேங்க," என்றேன்.

"அப்பச் சரிம்மா. ஜகநாதம் பாவாகிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க சொன்னீங்கன்னு சொல்லட்டுமா, வேணாமா?" ஜெகநாதனை அவர் தெலுங்கில் மச்சான் முறை வைத்துத்தான் கூப்பிடுவார்.

"சொல்லுங்க."

மதியம் ஜெகநாதன் வந்தார். உள்ளே வரவில்லை, வாசற்படிக்கு வெளியேயே நின்றார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "மேடம்," என்றார். ஆறு மாதமாகச் சம்மந்தியம்மா என்று கூப்பிட்ட வாய். "சங்கத்துல எல்லாரும் சேந்து முடிவு பண்ணத நீங்க தனியா மாத்திட்டீங்க. என் ஜனங்க முன்னால என்னப் பொய்யனாக்கிட்டீங்க. தூண் ஆடுதுன்னு தெரிஞ்சே அவங்கள வரச் சொன்னவன்னு என்னப் பத்தி நெனப்பாங்களா இல்லயா?" அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் கத்தத்தான் நினைத்தார், குரல் உள்ளே இறங்கிவிட்டது. பின்னாலிருந்து அவர் மனைவி, "நிச்சயத் தட்டத் திருப்பி அனுப்பிடலாமான்னு கேளுங்க," என்றார். ஜெகநாதன் கேட்கவில்லை. ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

நான் பதில் சொன்னேன். "தட்டு அனுப்பறது உங்க விருப்பம். குருசாமிக்குப் போன் பண்ணது நான்தான். நாளைக்குத் திரும்ப அதே நெலம வந்தாலும் பண்ணுவேன்." இவ்வளவுதான் பேசினேன். மன்னிப்புக் கேட்டிருக்கலாம் என்று உன் அப்பா சொல்கிறார். எதற்கு என்று கேட்டால் அவருக்கும் தெரியவில்லை. உனக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். பயந்துகொண்டுதான் செய்தேன். உன் முகத்தை எப்படிப் பார்ப்பது என்ற பயம்.

மாலையில் மேலே யாரோ நடமாடும் சத்தம் கேட்டுப் போனேன். ஜெகநாதன் தனியாகத் தொட்டியின் அருகில் நின்றிருந்தார். கையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காரைத் துண்டு. ஒரு பக்கம் சுண்ணாம்பு வெள்ளை, மறு பக்கம் முழுக்கத் துரு. "நான் ஒண்ணும் பண்ணல. கைய வெச்சேன். வந்துடுச்சு," என்றார். அதைக் கீழே போட மனமில்லாமல் வேட்டி மடிப்பில் துடைத்தார், திருப்பிப் பார்த்தார், மறுபடியும் துடைத்தார். "மோட்டார நிறுத்திட்டேன். தொட்டித் தண்ணி எறங்கிகினு இருக்குது. குருசாமிக்கு என் குடோனக் காலி பண்ணிக் குடுத்துடறேன். லுங்கி மூட்டைங்கள வூட்ல வெச்சுக்கலாம்." நான் தலையாட்டினேன். பிறகு மாடிக் கதவில் சாய்த்து வைத்திருந்த ஒரு அட்டையைக் காட்டினார். "மேல யாரும் வரக் கூடாது, ஆபத்துன்னு தெலுங்குல எழுதிட்டேன். தமிழ்ல எனக்குக் கை கோணும். நீங்க எழுதுங்க, மேடம்."

அவர் எழுத்துக்குக் கீழே தமிழில் எழுதினேன். அவர் ஆணி அடித்தார், நான் பிடித்துக்கொண்டேன். சம்மந்தியம்மா என்று அவர் கூப்பிடவில்லை. கல்யாணத்தைப் பற்றி நானும் பேசவில்லை. தட்டு இதுவரை திரும்பி வரவில்லை. வராமலே போகுமா என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. புதுத் திட்டத்துக்கு அந்தத் திருவள்ளூர்க்காரரையே வரச் சொல்லிவிட்டார் என்பது மட்டும் தெரியும். இன்று காலை படியில் நின்று யாரிடமோ, "சாமிக்குன்னு ஒரு வரி போடச் சொல்லியிருக்கேன். வரவும் எழுதட்டும், தேஞ்சதையும் எழுதட்டும்," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கல்யாணத்தையும் கட்டடத்தையும் ஒப்பிட்டு நான் ஏதாவது எழுதுவேன் என்று பயப்படாதே. எனக்கு அப்படி எழுத வராது. உங்கள் பூந்தமல்லி வீட்டைப் பற்றி மட்டும் ஒன்று. சாவி கொடுக்கும் நாளில் அங்கேயும் ஒரு திட்டம் தருவார்கள், அழகாக அச்சடித்து. அதைக் கட்டடம் என்று நினைத்துவிடாதே. கட்டடம் தினமும் மாறும், சிமெண்டு விலை மாறும், நீங்கள் அதைப் பயன்படுத்தும் விதம் மாறும். காகிதம் மட்டும் அப்படியே இருக்கும். பார்த்துத் திருத்துங்கள் என்று முதல் கூட்டத்திலேயே சொல். சொல்கிறவனை யாருக்கும் பிடிக்காது. சந்தாவை ஏற்றாமல் இருக்க எந்த வழி வந்தாலும், அது புண்ணியமாகவே இருந்தாலும், அது கட்டடத்திலிருந்து எதை எடுத்துக்கொண்டு போகிறது என்று கேள். ஊரோடு சேர்ந்து கையைத் தூக்கிவிட்டுப் பிறகு தனியாகப் போன் செய்வதைவிட அது சுலபம்.

என்னிடம் நீ கேட்டது, உன் கல்யாணத்துக்காக நான் பேசாமல் இருக்க வேண்டும் என்று. உன்னிடம் நான் கேட்பது இது. எனக்காக நீ யாரிடமும் சமாதானம் பேசாதே. "எங்கம்மா அப்படித்தான்" என்று ஹேமாவிடம் சொல்லாதே. உனக்காக நீயே வந்து பேசு. லீவு போட்டுவிட்டு வெள்ளிக்கிழமை ரயிலில் வா. தூண்களுக்கு முட்டுக் கொடுத்து முடிக்கும் வரை வீடுகளுக்குத் தண்ணீர் ஏறாது. எல்லோரும் கீழே தரைத்தொட்டியிலிருந்துதான் தூக்குகிறோம். ஜெகநாதனுக்கு முட்டி வலி, அவர் மனைவி இரண்டு படி ஏறினால் நின்றுவிடுகிறார். நல்ல குடம் ஒன்று வாங்கி வா. நம் வீட்டுக்கு உன் அப்பா தூக்கிக்கொள்வார். நீ அவர்கள் வீட்டுக்குத் தூக்கு. அந்தக் கதவைத் தட்ட இதைவிட நல்ல காரணம் எனக்குத் தோன்றவில்லை.

அம்மா